மற்றும் பலர்

தீர்ப்புத் திரட்டுகளில் அந்த வழக்கின் தலைப்பு ‘பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் எதிர் மாநகரப் போலீஸ் கமிஷனர் மற்றும் பலர்’ என்று அச்சாகியிருக்கும். பம்பர் என்பது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கம்பெனி. கமிஷனர் லண்டன் போலீசின் தலைவர். நம்மூர்க்காரர் எங்கே என்று தேடினால், ‘மற்றும் பலர்’ என்பதற்குள் உட்கார்ந்திருக்கிறார்: பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூர், விசுவநாத சுவாமி கோயில் சிவலிங்கம். அவரோடு இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார். 1991 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அந்த வழக்குக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது நடந்த காலத்தில் நான் தஞ்சாவூரில் சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டிருந்த ஜூனியர். ஆனால் பிற்பாடு நானே ஒரு சாமிக்கு வக்காலத்து போட வேண்டி வந்தபோது, என்னைக் கரை சேர்த்தது பத்தூர் வழக்குதான். அதனால் என் வழக்கைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும்.

1976-இல் பத்தூரில், இடிந்து கிடந்த கோயிலை ஒட்டி ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டினார். மண்வெட்டி உலோகத்தில் இடித்தது. உள்ளே ஒரு நடராசர். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத மனிதருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்திருந்தாலும் கலெக்டர் ஆபீஸ் வாசலை மிதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். சொற்பப் பணத்துக்குச் சாமி கைமாறினார். பிறகு இன்னொரு கை, இன்னொரு கை. 1982-இல் லண்டனில் கலைப்பொருள் வணிகர் ஒருவர் பொய்யான பூர்வீகம் சொல்லி 2,50,000 பவுண்டுக்குப் பம்பர் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது. பழுது பார்க்கப் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்த நேரத்தில் போலீஸ் வந்து நடராசரை எடுத்துக்கொண்டு போனது. என் பொருளைத் திருப்பிக் கொடு என்று கம்பெனி போலீஸ் மேல் வழக்குப் போட்டது. அந்த வழக்குக்குள்தான் நம் ஆட்கள் உரிமை கோரி நுழைந்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். லண்டன் கோர்ட்டில் நடராசர் கூண்டேறி, ‘நான் பத்தூர்க்காரன்’ என்று சாட்சி சொன்னார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதைவிடச் சுவையானது. நடராசர் வழக்குச் சொத்து, அவ்வளவுதான். கோர்ட்டில் அவர் வாயே திறக்கவில்லை. அவருக்காக உரிமை கேட்டது ஊரிலேயே தங்கிவிட்ட கருங்கல் லிங்கம். கோயில் சிதைவுகளுக்கு இடையே கிடந்து, பிறகு எடுத்து நிறுத்தி மறுபடி கும்பிடப்பட்ட லிங்கம். அந்த லிங்கத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. அதைத் திருடிக்கொண்டுபோக எவனுக்கும் தோன்றாது. அழகாய் இருந்தவர் கடல் கடந்து போனார். போக வழியில்லாதவர் இருந்த இடத்திலிருந்தே அவரை மீட்டார்.

முதல் நீதிமன்றத்தில் நீதிபதி இயன் கென்னடி இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. ஒன்று, இது பத்தூரிலிருந்து போன நடராசர்தானா? பத்தூரில் அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றப் படிமங்களோடு இதை ஒப்பிட்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி சிற்ப நடையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். உலோகம், ஒட்டியிருந்த மண், மேலே கரையான் விட்டுப்போன தடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிபுணர்கள். டெல்டாவில் கரையான் தின்னாத பத்திரம் கிடையாது. எத்தனையோ கட்சிக்காரர்களின் மூலப் பத்திரத்தை அது தின்று நான் தலையில் கை வைத்திருக்கிறேன். பத்தூர் வழக்கில் மட்டும் அதே கரையான் நம் பக்கம் சாட்சியாக இருந்தது.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். நடராசர் பத்தூர்க்காரர்தான் என்றே வைத்துக்கொள்வோம். கேட்பது யார்? ஆங்கிலச் சட்டம் மனிதரையும், பதிவுபெற்ற கம்பெனியையும், அதுபோன்ற அமைப்புகளையும்தான் ‘ஆள்’ என்று ஏற்கும். கூரை விழுந்து, பூசை நின்று, நூற்றாண்டுக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த கோயிலும் அதில் ஒரு கல்லும் எப்படி ஆள் ஆகும்? எனக்கு இந்தக் கேள்வியைப் படித்தபோது ஒன்று தோன்றியது. எதிர்த்தரப்பில் நின்ற கம்பெனியையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. அதற்குக் கை, கால், முகம் இல்லை. பதிவு அலுவலகத்தில் ஒரு காகிதத்தின் மேல் ஊர் வைத்த நம்பிக்கை அது. அப்படியிருந்தும் அது வாங்கியது, வழக்குப் போட்டது. அந்த மாதிரி ஆள் ஒருவர் இன்னொரு பக்கமும் நின்றபோதுதான் கோர்ட்டுக்கு வியர்த்தது.

நம் நாட்டில் இது பழைய சங்கதி. 1925-இல் கல்கத்தாவைச் சேர்ந்த மல்லிக் குடும்ப வழக்கில் பிரிவி கவுன்சிலே, விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், அதன் விருப்பத்தையும் காப்பாளர் வழியே கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. காப்பாளரே சொத்தைத் தின்றால் பக்தர் ஒருவர் சாமி சார்பில் வழக்குத் தொடரலாம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் விசுவநாத் எதிர் ராதா வல்லப்ஜி வழக்கில் சொன்னது. 1969-இல் இன்னும் ஓர் அடி நுட்பமாகப் போய், ஆள் என்பது கல்லோ செம்போ அல்ல, தர்மம் வைத்தவரின் ஆன்மிக நோக்கம்தான் என்றது. கோயில் சிவில் பார்க்கிறவர்களுக்கு இவை வாய்ப்பாடு மாதிரி.

லண்டன் நீதிபதிக்கு வாய்ப்பாடு தெரியாது. அவர் இந்தியச் சட்டத்தைச் சாட்சியமாகக் கேட்டு, யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டினாரே ஒரு பெரிய மனிதர், அவருடைய பக்தி நோக்கம் இன்னும் சாகவில்லை. அந்த லிங்கத்தின் உருவில் அது ஆளாக நிற்கிறது. 1988-இல் தீர்ப்பு. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் கொஞ்சம் எச்சரிக்கையாக நடந்தார்கள். கோயிலே உரிமை கோரலாம், அது போதும், லிங்கத்துக்குத் தனியாக உரிமை உண்டா என்ற விஷயத்துக்குள் போக வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். சொந்த நாட்டுச் சட்டம் ஒரு கோயிலுக்குத் தரும் உரிமையை இங்கிலாந்தில் மறுப்பதால் பொதுநலனுக்கு ஒரு லாபமும் இல்லை என்பது அவர்கள் கருத்து. சட்டப்படி மேல் நீதிமன்றம் சொன்னதுதான் செல்லும். ஆனாலும் என் மனசு கென்னடியோடுதான். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதரின் எண்ணம் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பில் எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தப் பெரிய மனிதர் யாரென்று நமக்குத் தெரியாது. நிலத்தைக் கொடுக்கும்போது, தான் இல்லாத காலத்திலும் யாரோ தண்ணீர் பாய்ச்சுவார், யாரோ நெல் அளப்பார், யாரோ விளக்கு ஏற்றுவார் என்று அவர் நம்பியிருக்கிறார். அதற்கப்புறம் வந்த ஆபத்துக் காலத்தில், படையெடுப்புக்குப் பயந்து என்று பொதுவாகச் சொல்கிறோம், வேறு யாரோ சிலர் படிமங்களைப் புதைத்தார்கள். ஆபத்து வந்தால் திருமேனிகளை மணல் பரப்பி மண்ணுக்குள் வைக்கும் முறையை ஆகமங்கள் சொல்கின்றன. புதைத்தவர்கள் ஒருநாள் தோண்டுவோம் என்றுதான் புதைத்தார்கள். தோண்டும் நாள் அவர்கள் ஆயுளில் வரவில்லை. நம்பிக்கை என்று மேடையில் பேசுகிறவர்கள் ஆயிரம் விளக்கம் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்: பலனைத் தான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்து முடிப்பது. காவிரிப் படுகையில் இது பண்டிதர்களின் சொத்து கிடையாது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கும் என்று நம்பி, திறக்காத வருஷங்களிலும் நாற்றங்காலை உழுது வைக்கிற சம்சாரி ஒவ்வொருவனுக்கும் அது பழக்கம்.

நடராசர் 1991-இல் ஊர் திரும்பினார். ஊர் என்று சொல்லிவிட்டேன். திருவாரூர் தியாகராசர் கோயில் வளாகத்தில் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அங்கே அவர் பூட்டுக்குள். சுற்றுவட்டாரச் சிறு கோயில்களின் ஆயிரக்கணக்கான உற்சவர்கள் அங்கே அடுக்கியிருக்கிறார்கள். திருவிழா என்றால் மனுப் போட்டு, அனுமதி வாங்கி, போலீஸ் துணையோடு அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கோர்ட்டில் நாம் சொன்ன வாதம், நோக்கம் பத்தூரில் உயிரோடு இருக்கிறது என்பது. ஜெயித்த பிறகு அந்த நோக்கத்தைப் பத்தூரில் விட நமக்குத் தைரியம் வரவில்லை.

இதில் அறநிலையத் துறையைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். சிவபுரம் நினைவுக்கு வந்தால் வாய் அடைத்துவிடும். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-இல் வயலில் கிடைத்த படிமங்களை அரசு கோயிலுக்கே வழிபாட்டுக்குக் கொடுத்தது. 1954-இல் நடராசரைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். அசல் போன வழியே போய், கடைசியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்குச் சேர்ந்தது. நகல் உட்கார்ந்திருக்கிறது என்று 1965-லேயே புத்தகத்தில் எழுதிச் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். வழக்கு, பேச்சுவார்த்தை, உடன்படிக்கை என்று இழுத்து 1986-இல்தான் அசல் இந்தியா வந்தது.

சிவபுரத்தை நினைக்கும்போது வக்கீல் புத்தி ஒரு கேள்வி கேட்கும். அத்தனை வருஷம் நகலுக்கு முன்னால் கும்பிட்டார்களே, அந்தக் கும்பிடு செல்லுமா? நகல் என்று தெரியாமல் அதற்குப் பாலும் சந்தனமும் அபிஷேகம் செய்தார்கள், ஆருத்ரா அன்று அதைத் தூக்கிக்கொண்டு வீதி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றியவன்மேல் கிரிமினல் வழக்கு நிற்கும். ஏமாந்தவர்களின் பிரார்த்தனையை எந்தப் பிரிவிலும் ரத்து செய்ய முடியாது. 1969 தீர்ப்பின்படி பார்த்தாலும் அதேதான்: ஆள் செம்பில் இல்லை. சிலை உடைந்தாலோ காணாமல் போனாலோ வேறொன்று வைத்து தர்மத்தைத் தொடரலாம் என்பது நம் சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். அதற்காகக் களவை மன்னிக்கச் சொல்லவில்லை. அசலின் விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏறிக்கொண்டே போனதற்கும், கும்பிட்டவருக்கு அதனால் ஒரு குறையும் வராததற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் சொல்கிறேன்.

இனி என் வழக்கு.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். இடிந்த சிவன் கோயில். அதற்கு ஒரு வேலி நஞ்சை. தர்மகர்த்தா குடும்பம் மூன்று தலைமுறையாகப் பார்த்து வந்தது. முதல் தலைமுறை நெல் அளந்தது, இரண்டாம் தலைமுறை கணக்கு எழுதியது, மூன்றாம் தலைமுறை பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. யு.டி.ஆர். காலத்தில் நடந்த மாற்றம். எண்பதுகளில் நில ஆவணங்களைச் சீர்செய்ய வந்த திட்டம் அது. டெல்டாவில் எத்தனை சாமிகளின் பட்டா அந்தச் சீரில் காணாமல் போயிற்று என்பது எங்கள் பார் அசோசியேஷன் திண்ணையில் தீராத பேச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்தர் என்ற முறையில், சாமி சார்பில் வழக்குப் போட என்னிடம் வந்தார்.

பத்திரம் ஒன்றும் கைவசம் இல்லை. இனாம் பதிவேட்டு நகல் ஒன்று கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இனாம் கமிஷன் விசாரித்து எழுதியது: தேவதாயம், சுவாமியின் பெயர், விஸ்தீரணம். அதுவே பெரிய பலம். எதிர்த்தரப்பும் அதை மறுக்கவில்லை. அவர்கள் வாதம் வேறு. ஒரு காலத்தில் சாமி இருந்தது வாஸ்தவம், இப்போது கோயிலே இல்லை, பூசையே இல்லை, ஆகவே சாமி என்ற ஆளும் இல்லை. ஆள் இல்லாத சொத்து அனுபவத்தில் வைத்திருக்கிறவனுக்கே. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். இந்த வாதத்தை அவர் சொன்ன தினுசில் எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. பத்தூர்த் தீர்ப்பைச் சென்னையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வரவழைத்தது அப்போதுதான். லண்டன் நீதிமன்றத்திலும் ஏறக்குறைய இதே வாதம்தான் வைத்திருந்தார்கள்.

தீர்ப்பு இருந்தால் போதாது. பத்தூரில் போல இங்கும் நோக்கம் உயிரோடு இருக்கிறது என்று காட்டச் சாட்சி வேண்டும். ஆசிரியர் ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார். நடவு, களை என்று கூலிக்குப் போகிறவர். தினமும் சாயங்காலம் அந்த லிங்கத்துக்கு அகல் வைக்கிறவர். ஏன் வைக்கிறீர்கள் என்று ஆபீசில் கேட்டேன். “இருட்டுல இருக்காருல்லங்கய்யா” என்றார். அதற்கு மேல் எதுவும் எடுக்க முடியவில்லை. கனவில் வந்தார், பிள்ளை வரம் கொடுத்தார் என்று ஏதாவது சொல்வாரா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கூண்டில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தது என் காதில் அப்படியே இருக்கிறது.

“ஏம்மா, அந்தக் கோயிலுக்குக் கூரை இருக்கா?”

“இல்லீங்கய்யா.”

“குருக்கள் யாராவது வர்றாரா?”

“வர்றதில்லீங்க.”

“மணி அடிச்சுப் பூசை?”

“மணி களவு போயிருச்சுங்க.”

“உனக்கு மந்திரம் ஏதும் தெரியுமா?”

“எனக்கு எங்கீங்க தெரியும்.”

“அப்ப கூரை இல்ல, குருக்கள் இல்ல, மணி இல்ல, மந்திரம் இல்ல. அங்க சாமி இருக்குன்னு நீ எப்படிச் சொல்றே?”

“இல்லாட்டி யாருங்க மழையில நனையறது?”

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. ‘மழையில் சுவாமி நனைவதாகச் சாட்சி சொல்கிறார்’ என்று வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கேள்வி கேட்காமல் உட்கார்ந்தார். நல்ல வக்கீலுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

அடுத்துப் பெட்டிக்கடைக்காரர். அவருடைய பற்று நோட்டில் அந்த அம்மாளின் கணக்கில் ‘எண்ணெய்’ என்று ஒரு வரியும், ‘சாமி எண்ணெய்’ என்று வேறொரு வரியும் இருந்தன. வருஷக்கணக்கில். கூலி வராத மழைக்கால மாதங்களில் வீட்டு எண்ணெய் வரி இடையிடையே விட்டுப்போயிருக்கிறது. சாமி வரி விட்டுப்போகவில்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து யார்மேலும் பொறுப்புச் சுமத்த முடியாது என்று சாட்சியச் சட்டம் 34-ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபித்தார்கள். நான் யார்மேலும் பொறுப்புச் சுமத்தவில்லை, பூசை நடக்கிறது என்பதற்குத் துணைச் சான்றாகத்தான் காட்டுகிறேன் என்றேன். நோட்டு சான்றாவணமாகக் குறியீடு ஆயிற்று. என் தொழிலில் எத்தனையோ பத்திரங்களைக் குறியீடு செய்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று அது மட்டும்தான்.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. அவர் ஊரின் கடைசித் தெருவைச் சேர்ந்தவர். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது சரி. அந்தக் கோயில் கூரையும் மணியும் குருக்களும் முதல் மரியாதையுமாக முழுசாக இருந்த காலத்தில் அவருடைய பாட்டி எங்கே நின்று கும்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். கோபுரம் விழுந்த பிறகுதான் சாமியும் அந்தத் தெருவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. இதை வாதத்தில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கட்சிக்காரரான ஆசிரியரே முகம் சுளித்திருப்பார்.

நம்பிக்கையை இவ்வளவு புகழ்கிற நான், அதன் மறுபக்கத்தை வருவாய் நீதிமன்றத்தில் நிறையப் பார்த்தவன். கோயில் நிலக் குத்தகைப் பாக்கி வழக்குகள் அங்கேதான் போகும். கலக்கணக்கில் நெல் பாக்கி. சாகுபடிதாரர் வறட்சி என்பார், வெள்ளம் என்பார், புகையான் என்பார். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதே மனிதர் களத்து மேட்டில் முதல் மரக்காலைச் சாமிக்கு என்று தனியே அளந்து வைக்காமல் ஒரு மூட்டை கட்டமாட்டார். ஒருவரிடம் நேராகவே கேட்டேன், “அந்த நெல்லைக் கொடுக்கிறீங்க, இந்த நெல்லைக் கொடுக்க மாட்டேங்கிறீங்களே?” என்று. “அது சாமிக்குங்க. இது ஆபீசுக்கு” என்றார். ரசீதில் சாமி பெயர்தானே இருக்கிறது என்று காட்டினேன். “எழுத்துல இருக்கும்ங்க” என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டி எழுந்துகொண்டார்.

சட்டம் இந்த இடத்தில் தோற்கிறது என்று நினைக்கிறேன். சாமியை ஆள் என்று ஏற்க நமக்கு நூறு வருஷத் தீர்ப்புகள் கிடைத்தன. அந்த ஆளுக்குப் போகிறது என்று குடியானவன் நம்பும்படி ஒரு ரசீது போட இன்னும் தெரியவில்லை. குத்தகை நெல் விளக்காகவும் சுண்டலாகவும் கண்ணுக்குத் தெரிந்த காலத்தில் பாக்கி குறைவாக இருந்தது என்று பழைய கணக்கப்பிள்ளைகள் சொல்வார்கள். நெல் பணமாகி, பணம் சலானாகி, சலான் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது நடுவில் எங்கேயோ சாமி இறங்கிப் போய்விடுகிறார்.

எங்கள் வழக்கில் கீழ்க்கோர்ட்டில் சாமி ஜெயித்தார். தீர்ப்பில் பத்தூர் ஒரு பத்தி, பற்று நோட்டு ஒரு பத்தி. எதிர்த்தரப்பு அப்பீல் போட்டது. அப்பீல் வருஷக்கணக்கில் தூங்கியது; அதற்குள் தர்மகர்த்தா குடும்பத்தில் மூத்தவர் காலமானார், அவர் மகன் வந்தார். வெளியூரில் வேலையில் இருந்த, நயமாகப் பேசக்கூடிய மனிதர். சமரசம் பேசலாம் என்றார். சட்டத்தில் சாமி என்றைக்கும் மைனர். மைனர் வழக்கில் சமரசம் என்றால், அது மைனருக்கு நல்லதுதானா என்று பார்த்துக் கோர்ட் அனுமதி கொடுக்க வேண்டும். அறநிலையத் துறையும் ஒப்ப வேண்டும். நிலத்தை முழுசாக விட்டுவிடச் சம்மதித்தார். பட்டாவைத் திருத்தவும் சம்மதித்தார். பேரம் எதுவும் பேசவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு வேலி நிலத்தை யாரும் விட்டு நான் பார்த்ததில்லை என்பதால் எனக்குச் சந்தேகமே வந்தது.

சமரச மனுவின் நகலில் கடைசிப் பத்தி காரணத்தைச் சொன்னது. கோயில் புதுப்பிக்கப்பட்டுத் திருவிழா நடக்கும்போது முதல் விபூதியும் பரிவட்டமும் தன் குடும்பத்துக்கே தர வேண்டும், அதை டிக்ரியில் எழுத வேண்டும். அங்கே சாமியே இல்லை என்று பத்து வருஷம் வழக்காடிய குடும்பம்.

நான் அவரை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நிலம் தாத்தா காலத்துல வந்தது சார். மரியாதை அதுக்கும் முன்னாடியே இருந்தது. அப்பா அப்பீல் போட்டப்பவே அம்மா சொன்னாங்க, நிலத்துக்கு ஆசைப்பட்டு மரியாதையை விட்டுடாதீங்கன்னு” என்றார். அவர் குரலில் நடிப்பு இல்லை. நிலத்துக்காகச் சாமியை மறுத்ததும், மரியாதைக்காக நிலத்தை விட்டதும் ஒரே வீட்டில் நடந்தன. முதல் விபூதி வாங்க விபூதி கொடுக்கிற சாமி இருந்தாக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

ஆசிரியர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசித் தெரு இளைஞர்கள் அவருக்கு முன்னால் என் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். விளக்கு வைத்தது யாரு, விபூதி வாங்கறது யாரு என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்திடம் இருந்தது. பதவியோடு சேராத வெறும் மரியாதைக்குச் சிவில் வழக்கு நிற்காது என்று 1961-லேயே, ஆழ்வார்திருநகரி ஜீயர் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் காட்டினேன். நீதிபதி மனுவை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பத்தியின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். மீதிக்கு அனுமதி என்றார். கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற மகன் கொஞ்ச நேரம் யோசித்தார். நிலத்தைத் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கூரை போட்டார்கள். ஒரு கால பூசைத் திட்டத்தில் கோயில் சேர்ந்தது. பக்கத்து ஊர்க் குருக்கள் சைக்கிளில் வந்து போனார். முதல் திருவாதிரை அன்று அதிகாலையில் அவரிடமிருந்து போன். தர்மகர்த்தா வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து நிற்கிறார், எதிரே கடைசித் தெரு மொத்தமும் நிற்கிறது, அந்த அம்மாளும் இருக்கிறார், முதல் விபூதி யாருக்கு என்று டிக்ரியில் ஏதாவது இருக்கிறதா?

“டிக்ரியில் அடித்துவிட்டார்கள் சாமி” என்றேன். “யார் முதலில் கையை நீட்டுகிறார்களோ அவர்களுக்குக் கொடுங்கள்.”

புது அறங்காவலர் குழு வரும்வரை அப்படித்தான் நடந்தது.